பொங்கலன்று வந்த ஐஸ் கட்டி

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஓடுகிறோம். ஓட முடியவில்லை. காலுக்கடியில் தரை இல்லை. சேறு. எனக்கு முன்னால் என் தங்கை சரோஜா. எட்டு மாதக் கர்ப்பம். இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஒரு பிரஷர் குக்கரைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அதற்குள் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தைத்து வைத்த சட்டைகள்.

“அதப் போட்டுட்டுக் கையக் குடு புள்ள!”

“போட மாட்டேண்ணே! நீ முன்னால போ!”

அவள் கணவன் முனியாண்டி பின்னால் வருகிறான். ஒரு கை அவள் முதுகில். கத்திக்கொண்டே வருகிறான். “குழி! இடது பக்கம் குழி! வலது பக்கமா வாங்க!”

அது கக்கூஸ் குழி. எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. குடியிருப்பின் கக்கூஸ்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அதில் இருந்ததெல்லாம் எங்களோடு கூடவே மிதந்து வருகிறது.

தகரக் கூரை பிய்கிறது. முதலில் கிறீச்சென்று நீளமாக ஒரு சத்தம். பிறகு தண்ணீரில் தட்டையாக விழும் சத்தம். அந்தப் பக்கம் சீனருடைய பன்றிப் பண்ணை. பன்றிகள் கத்துகின்றன. கொஞ்ச நேரம் கழித்துக் கத்தவில்லை.

எழுபதுகளின் முற்பகுதி. ஜனவரி. திங்கட்கிழமை காலை. பொங்கலுக்கு முந்திய வாரம்.

மலாய் நாட்டில், கிள்ளானிலிருந்து பண்டமாரான் போகும் சாலைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது எங்கள் கம்பம். குடிசைகள் சேர்ந்த சிற்றூரை அங்கே கம்பம் என்பார்கள். எங்கள் கம்பம் என்று சொல்கிறேன். நான் அங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை. கேரித் தீவில் செம்பனைக் குலை வெட்டினேன். அது பிடிக்காமல் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவினேன். பிறகு லோரியில் கூடப் போகிற வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓர் இடத்தில் நிலையாக இருந்ததில்லை. சரோஜா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். போன வருடம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவை பிறக்கும்வரை கூட இரு என்றாள். வந்தேன். அவள் பிழைக்க வேண்டும். பிள்ளை உயிரோடு வெளியே வர வேண்டும். எங்கள் மூவருக்கும் அந்த மாதம் வேறு யோசனை இல்லை.

மேட்டில் அம்மன் கோயில். பக்கத்தில் மண்டபம். அங்கே ஏறினோம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் குடும்பங்களும் முன்பே ஏறியிருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாது. மின்சாரம் இல்லை. குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு அதுவும் நின்றது. சாலை தண்ணீருக்கடியில். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு கிணறு. வெள்ளம் அதன் வாய் வரை வந்து உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

பெரியசாமி அதில் வாளி விட்டு இறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆள் மலை மாதிரி இருப்பார்.

“குடிக்காதீங்க! கீழ ஊத்துங்க! அந்தத் தண்ணியில யாரும் வாய வைக்காதீங்க!”

கத்தியது ஒரு பெண். முழங்கால் வரை சேறு. தோளில் ஒரு பெரிய பை. அருள்மேரி மிஸ்ஸி. ஆஸ்பத்திரி நர்ஸை எங்கள் ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். லீவில் அண்ணன் வீட்டுக்கு வந்தவர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். வரும் வழியில் ஒரு தோட்டத்துக் கிளினிக்கைத் திறக்க வைத்து, கையில் அகப்பட்டதை எடுத்து வந்திருந்தார்.

பெரியசாமி வாயைத் துடைத்துக்கொண்டார். “நாப்பது வருசமா கண்ட தண்ணியும் குடிச்ச வயிறு மிஸ்ஸி. உள்ள போனா கிருமிதான் சாவும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

மறுநாள் பெரியசாமி விழுந்தார். வயிற்று வலி இல்லை. காய்ச்சல் இல்லை. வெறும் தண்ணீராகப் போனது. அரிசி கழுவிய தண்ணீர் போல. நிற்கவே இல்லை. மத்தியானத்துக்குள் அந்த உடம்பு சுருங்கிவிட்டது. கண் குழிக்குள் போய்விட்டது. மிஸ்ஸி அவர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. காலரா என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

மிஸ்ஸியின் பையில் உப்புநீர் பாட்டில்கள் இருந்தன. கண்ணாடி ஊசிகள், ரப்பர் குழாய், கிருமி கொல்லும் லைசால், திறந்த டின்னில் பாதி குளோரின் பொடி. அவ்வளவுதான். பாட்டிலை உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டார். பெரியசாமியின் கையில் நரம்பு அகப்படவில்லை. குத்தினார். எடுத்தார். குத்தினார். மூன்றாவது தடவை இறங்கியது. சொட்டு. சொட்டு. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு மனிதனுக்குள் தண்ணீரைத் திரும்பவும் ஊற்றுகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்வேன். எதிரியை யாரும் பார்க்கவில்லை. மிஸ்ஸி காட்டிய திசையில் அடித்தோம்.

முதலில் நெருப்பு. மண்டபத்துப் பெஞ்சுகளை உடைத்தோம். விறகெல்லாம் நனைந்து கிடந்தது, வேறு வழி இல்லை. கோயில் அண்டாக்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது. அண்டா முழுவதும் புரண்டு கொதிக்க வேண்டும், அதன் பிறகும் கொஞ்ச நேரம் விட வேண்டும். மிஸ்ஸி பக்கத்தில் நின்று பார்த்தார். கொதித்த தண்ணீரைப் பழைய வாளியில் ஊற்றினால் கத்தினார். “வாளியையும் வெந்நீர் விட்டுக் கழுவு! கிருமி செத்த தண்ணிய உசுரோட கிருமி இருக்கிற வாளியில ஊத்தாத!” மூடி போட வேண்டும். நீளக் கரண்டியில்தான் மொள்ள வேண்டும். உள்ளே கை படக் கூடாது.

பிறகு குளோரின். பாத்திரம் கழுவவும் கை கழுவவும் வேண்டிய தண்ணீருக்கு. அத்தனையையும் கொதிக்க வைக்க விறகு இல்லை. வேட்டியை நான்காக மடித்து அதில் வடிகட்டினோம். பிறகு படிகாரம். கலங்கல் அடியில் போய் உட்காரும். தெளிந்ததை வேறு டிரம்மில் ஊற்றிப் பொடியைக் கரைத்து விடுவார். அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது. நான் அவசரப்பட்டேன். நேராகச் சேற்றுத் தண்ணீரில் பொடியைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

“போட்டுப் பாரு. சேறு அதத் தின்னுடும். அழுக்குக்கு மொதப் பந்தி. மிச்சம் இருந்தாத்தான் கிருமிக்கு. மிச்சமே இருக்காது.”

கடைசியில் மோந்து பார்ப்பார். லேசாக வாசனை இருந்தால் குளோரின் இன்னும் மிச்சம் இருக்கிறது, வேலை முடிந்தது என்று அர்த்தம். வாசனை இல்லையென்றால் இன்னும் போட வேண்டும்.

பெரியசாமியின் மலப் பாத்திரத்தில் லைசால். தரையில் லைசால். மேட்டின் அந்தப் பக்கம் குழி வெட்டி, மலத்தின் மேல் சுண்ணாம்பு. பெண்கள் சாணம் கேட்டார்கள். தரையை மெழுகிவிட்டால் சுத்தமாகிவிடும் என்றார்கள். மிஸ்ஸி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

ஊசிக்கு மட்டும் வேறு வழி. சரோஜாவின் குக்கரைக் கேட்டு வாங்கினார். பிள்ளைச் சட்டைகளை எடுத்துச் சரோஜா மடியில் வைத்துக்கொண்டாள். குக்கருக்குள் தட்டு வைத்து, அதன் மேல் துணியில் சுற்றிய ஊசி, குழாய், கத்தரிக்கோல். விசில் அடித்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“மிஸ்ஸி, இன்னிக்கு ஆட்டுக்கறியா லா?” பெரியசாமி படுத்த இடத்திலிருந்து கேட்டார். நாக்கு அப்போதுதான் ஈரமாகியிருந்தது.

“ஆமா அண்ணே. எலும்பு பாத்து மெல்லுங்க.”

விசில் வந்ததும் மிஸ்ஸி இறக்கவில்லை. தீயைக் குறைத்து ரொம்ப நேரம் விட்டார். வெந்நீரில் போட்டால் போதாதா என்று சரோஜா கேட்டாள். காலராக் கிருமிக்கு வெந்நீர் போதும் என்றார் மிஸ்ஸி. ஆனால் சில கிருமிகள் ஆபத்து வந்தால் உடம்பைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் உட்கார்ந்தே இருக்கும். வெளியே வந்து ஆளைப் பார்த்ததும் முளைக்கும். அடைத்து வைத்த ஆவியின் சூடுதான் அந்த ஓட்டை உடைக்கும்.

பிறகு ஒரு சின்ன மூட்டையைச் சரோஜாவிடம் காட்டினார். வெள்ளைத் துணி. உள்ளே ஒரு பிளேடு, நூல், துணித் துண்டு. குக்கரில் வெந்து, உலர்ந்து, கட்டியபடி இருந்தது.

“இது ஒனக்கு. தொப்புள்கொடி வெட்ட. எங்கிட்டயே இருக்கட்டும். யாரும் பிரிக்கக் கூடாது.”

சரோஜா அதைத் தொடக்கூட இல்லை. பார்த்தாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

பெரியசாமி எழுந்து உட்கார்ந்தார். பாட்டில்களில் பாதிக்கு மேல் அவர் ஒருவருக்கே போய்விட்டது. உட்கார்ந்ததும் சரோஜா கேட்டாள்.

“என்னாண்ணே, கிருமி சாகல போல?”

“செத்துச்சு புள்ள. போறப்ப என்னையும் கூப்பிட்டுச்சு. நான்தான் பொறவு வரேன்னேன்.”

சிரித்தோம். புதிதாக யாரும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அதற்கு மறுநாளும். மழை விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஜெயித்துத்தான் இருந்தோம்.

ஒரு குறை மட்டும். கொதித்த தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. உடைத்த பெஞ்சில் வார்னிஷ். தண்ணீரில் அந்தப் புகை நாற்றம். ஆறவும் ஆறாது. நூறு பேர் குடிக்கிற அண்டா, எப்போதும் வெதுவெதுப்பு. பிள்ளைகள் துப்பினார்கள். சரோஜா ஒரு வாய் குடித்தால் இரண்டு வாய் வாந்தி எடுத்தாள்.

“பச்சத் தண்ணி ஒரு கிளாஸ் குடிச்சாப் போதும்ணே. வேற ஒண்ணும் வேணாம்.”

முனியாண்டி அவள் பக்கத்தில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதைக் கொடுக்க முடியாதபோது அவன் பேச மாட்டான்.

குளோரின் டின் காலியானது. பொங்கலுக்கு முதல் நாள் மிஸ்ஸி என்னை அனுப்பினார். பாக் மாட் என்ற மலாய்க்காரரிடம் ஒரு சம்பான் இருந்தது. துடுப்புப் போட்டுப் போனோம். சாலைக்கு மேலே படகில் போகிறேன். கீழே ஒரு சைக்கிள் தெரிகிறது. ஒரு மரத்தில் பாம்புகள். நான் எழுந்து பார்த்தேன். சம்பான் ஒரு பக்கம் சாய்ந்தது. “டுடுக்! டுடுக்!” உட்காரச் சொல்லிக் கத்தினார் பாக் மாட். உட்கார்ந்தேன். துடுப்பு தகரத்தில் இடிக்கும் சத்தம். அடியில் யாருடைய கூரையோ.

டவுனில் சுகாதார அலுவலகத்துக் கிடங்கிலும் தண்ணீர். பலகை போட்டு நடந்தார்கள். அங்கிருந்த ஓவர்சியர் கண் சிவந்து நின்றார். எல்லாக் கம்பத்திலிருந்தும் ஆள் வந்து நின்றது. எங்களைப் போல எத்தனை மண்டபம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இரண்டு டின் கொடுத்தார். ஒன்றின் மூடி துருப்பிடித்து வாய் திறந்திருந்தது. மோந்து பார்த்தார். என் மூக்கருகில் நீட்டினார்.

“வாசன வருதா தம்பி?”

“இல்ல சார்.”

“ஈரக் காத்து குடிச்சிருச்சு. இனி இது வெறும் சுண்ணாம்பு. கக்கூஸ் குழியில போடு. தண்ணியில போட்டு ஏமாந்துறாத.”

ஒரு நல்ல டின். அதற்காக அங்கேயே ராத்திரி படிக்கட்டில் கிடந்தேன். பாக் மாட் இருட்டில் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் பொங்கல். விடிந்ததும் கிளம்பினோம். எதிரோட்டம். மேட்டை நெருங்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. சிரிப்பு. பிள்ளைகள் கூச்சல். கூடவே ஒரு சத்தம், என்னவென்று பிடிபடவில்லை. கர் கர் என்று. ரம்பம் போல. ஆனால் மரம் இல்லை.

மேட்டில் ஏறினேன். எல்லோர் கையிலும் கிளாஸ். பிள்ளைகளின் நாக்கெல்லாம் சிவப்பு. டிரம் நிறைய ரோஸ் சிராப். அதில் ஐஸ் மிதக்கிறது. கோயில் சமையல்காரர் மாரிமுத்து கோணியின் மேல் ஐஸ் கட்டியை வைத்து ரம்பத்தால் அறுக்கிறார்.

மீன் வியாபாரம் பார்க்கும் சீன முதலாளி, மீன் தவுக்கே, அனுப்பியது. வெள்ளத்தில் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லை. ஐஸ் கரைந்து வீணாகப் போகிறது. பொங்கலாயிற்றே, தமிழர்கள் குடிக்கட்டும் என்று சம்பானில் ஏற்றி விட்டார். நல்ல மனிதர். மரத்தூளில் புதைத்துக் கோணியில் சுற்றி வந்தது.

சிராப் கலக்கிய தண்ணீர் கொதித்து ஆறிய தண்ணீர். அதில் யாரும் தவறவில்லை. சரோஜாவே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மூடி போட்டு, நீளக் கரண்டி வைத்து, மிஸ்ஸி சொன்ன ஒவ்வொன்றையும் செய்திருக்கிறார்கள்.

மிஸ்ஸி தூங்கிக்கொண்டிருந்தார். பெரியசாமி விழுந்த நாளிலிருந்து அவர் சரியாகப் படுத்ததே இல்லை. பொங்கல் பானை பொங்கியதும், கொஞ்சம் படுங்கள் மிஸ்ஸி என்று பெண்கள்தான் அவரைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைத்தார்கள். பாவம், எழுப்பாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

முனியாண்டி ஓடி வந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

“மச்சான்! சரோஜா ரெண்டு கிளாஸ் குடிச்சா! வாந்தி எடுக்கல! இந்தாங்க, ஒங்களுக்கு எடுத்து வச்சேன்!”

கையில் வாங்கினேன். குளிர்ச்சி. வாய்க்குக் கொண்டு போகிறேன்.

“கீழ வை!”

மிஸ்ஸி. தூக்கம் கலைந்து மண்டப வாசலில் நிற்கிறார். கூந்தல் அவிழ்ந்திருந்தது. நான் கிளாஸைக் கீழே வைத்தேன். நான் இன்று இருப்பதற்கு அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

“ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?”

முனியாண்டி சொன்னான்.

“மரத்தூள் இருந்திருக்குமே. எப்படி எடுத்தீங்க?”

“கழுவுனோம் மிஸ்ஸி. நல்லாக் கழுவுனோம். ஒரு தூள் இல்ல.”

“எதுல?”

அவன் கிணற்றைப் பார்த்தான். பிறகு சொன்னான். “குடிக்கிறதுக்கு இல்லயே மிஸ்ஸி. மேல கழுவ மட்டுந்தான். ஐஸ்ல எப்படிக் கிருமி நிக்கும்? செத்த மீனே அதுல கெடாம இருக்கு.”

“சாகாது முனியாண்டி. குளுருல தூங்கும். அவ்வளவுதான். வயித்துச் சூட்டுக்கு எந்திரிச்சிரும்.”

“செதில் செதிலாத்தான் அறுத்தோம். ஒவ்வொண்ணையும் கழுவி...” என்று மாரிமுத்து ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.

“யாரெல்லாம் குடிச்சீங்க?”

சிவந்த நாக்குகளே பதில் சொல்லின.

பெரியசாமி மட்டும் கை தூக்கினார். “நான் குடிக்கல மிஸ்ஸி. உப்புத் தண்ணி மட்டும்தான்னு நீங்கதானே சொன்னீங்க.”

மிஸ்ஸி திட்டவில்லை. அழவில்லை. தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு நாளில் அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். பிறகு எழுந்தார். டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார். சிவப்புத் தண்ணீர் மேட்டில் ஓடியது. பிள்ளைகள் அழுதார்கள்.

நான் கொண்டு வந்த டின்னைத் திறந்தோம். வாசனை கண்ணைக் கரித்தது. நல்ல குளோரின். இரண்டாவது டின்னைக் குழியில் கொட்டினேன். எல்லா டிரம்மையும் கழுவினோம். கிணற்றிலும் போட்டோம். அண்டாக்களை மறுபடி ஏற்றினோம். உப்பும் சீனியும் அளந்து கரைத்து வைத்தோம். குக்கர் விசில் அடித்தது. எல்லாம் சரியாக நடந்தது. எல்லாமே ஆளுக்கு வெளியே நடந்தது. வயிற்றுக்குள்ளே குளோரின் போட முடியாது. வயிற்றைக் கொதிக்க வைக்க முடியாது. காத்திருந்தோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் ஆரம்பித்தது. செல்வி. ஐந்து வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகள். பிறகு ஒரே நேரத்தில் மூன்று பேர். பிறகு எண்ணவில்லை. மண்டபம் முழுவதும் ஒரு சத்தம். தண்ணீர் தகரத் தட்டில் விழும் சத்தம். வாந்தி. யாரோ அம்மா அம்மா என்கிறார்கள். லைசால் நாற்றம். அதற்கு மேல் இந்த நோயின் நாற்றம். லேசான மீன் வாடை. இப்போதும் பாசாரில் மீன் கடைப் பக்கம் போக மாட்டேன்.

மத்தியானம் சரோஜா.

“அண்ணே, எனக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். வெட்கப்பட்டாள். புடவையை இழுத்துக் காலை மூடினாள்.

உப்புச்சீனித் தண்ணீர் கொடுத்தேன். கரண்டி கரண்டியாக. வந்தது. மறுபடி கொடுத்தேன். வந்தது. மிஸ்ஸி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார். மீதி இருந்தவற்றில் ஒன்று. பக்கத்தில் செல்விக்கு ஒன்று. அதற்குப் பக்கத்தில் மாரிமுத்து. தன் முறைக்கு மிஸ்ஸி பாட்டில் எடுத்தபோது வேண்டாம் என்று கை காட்டினார். சொட்டு வேகமாகத்தான் விழுந்தது. உள்ளே போவதைவிட வெளியே போவது அதிகம். எனக்குக் கணக்கு தெரியும், லோரியில் மூட்டைக் கணக்குப் பார்த்தவன். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் காலியாகிறது.

முனியாண்டி பாட்டிலைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“அடுத்த பாட்டில் மிஸ்ஸி!” நான் கத்தினேன். “மிஸ்ஸி! தீரப்போவுது! அடுத்தது!”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே அந்த வெள்ளைத் துணி மூட்டை மட்டும் இருந்தது. கட்டுப் பிரிக்காமல்.

நான் கரைக்கு ஓடினேன். பாக் மாட்டை முன்பே டவுனுக்கு அனுப்பியிருந்தோம். பாட்டில் கொண்டு வர, பெரிய படகு கூப்பிட. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். படகு இல்லை. திரும்பி ஓடுகிறேன். அவள் கண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மறுபடி கரைக்கு. படகு இல்லை. எத்தனை தடவை ஓடினேன் என்று தெரியாது. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஒரு தடவை திரும்பி வந்தபோது சரோஜா விழித்திருந்தாள். குரல் போய்விட்டது. காதை வாயருகில் வைத்தேன்.

“புள்ள அசையலண்ணே.”

முனியாண்டி தலையாட்டினான். அவனுக்கு முன்பே தெரியும். கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

படகு மோட்டார் சத்தம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டப் டப் டப் என்று தூரத்தில். எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். “இங்க! இங்க!” என்று கத்தினார்கள். நான் ஓடவில்லை. சரோஜா போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அவள் கையில் இருந்த ஊசியை மிஸ்ஸி எடுத்தார். உதறி, துடைத்து, குக்கரில் போட்டார். அடுத்த ஆளுக்கு வேண்டும்.

படகில் டாக்டர் வந்தார். பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்தன. அந்த ராத்திரி அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்த அத்தனை பேரும் தண்ணீர் ஏறி எழுந்தார்கள்.

மறுநாள் காலை ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் வந்தார்கள். முதுகில் மருந்து அடிக்கும் டின். சுவரில் அடித்தார்கள், தரையில் அடித்தார்கள், அம்மன் சந்நிதிப் படியில் அடித்தார்கள். செத்தவர்களைக் குளிப்பாட்டக் கூடாது என்றார்கள். முனியாண்டி கொஞ்சம் மஞ்சள் கேட்டான். முகத்துக்கு மட்டும் என்றான். மிஸ்ஸிதான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. உடம்பைத் தொட்ட தண்ணீர் எங்கே ஓடுமோ அங்கே அது மறுபடி ஆரம்பிக்கும். அவன் புரிந்துகொண்டான். ஓர் அடி தள்ளி நின்றான். லைசாலில் நனைத்த வெள்ளைத் துணியில் அவளைச் சுற்றினார்கள். சுற்றியவர்கள் யாரோ. பூ இல்லை. பொட்டு இல்லை. வாய்க்கரிசி இல்லை.

முனியாண்டி மிஸ்ஸியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“நான் குடுத்ததுதானே மிஸ்ஸி?”

“கெணறு முனியாண்டி. வெள்ளம். நீ இல்ல.”

அவன் நம்பவில்லை. பிறகு எங்கெங்கோ அவனைச் சந்தித்திருக்கிறேன். கடையில் டீ வந்தால் ஆறவிட மாட்டான். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பான். வாய் வெந்துபோகும்.

நான் பிறகு கிளம்பிவிட்டேன். சுபாங் ஜெயா நகரம் கட்டும்போது அங்கே சிமெண்ட் கலந்தேன். மறுபடி தீவு. மறுபடி பிரிக்பீல்ட்ஸ். எங்கே போனாலும் யாராவது ஐஸ் போட்டு நீட்டுவார்கள். வெயில் நாடு. தப்பில்லை. இப்போது குழாய்த் தண்ணீர், சுத்தமான ஐஸ். அந்த மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கிணற்றை மூடி மேலே கார் நிறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகளைக் கேட்டால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போனவை. பள்ளத்தில் இருந்த வீடுகள், ஒன்று விடாமல். பண்ணைப் பன்றிகள் முழுவதும். முனியாண்டியின் சைக்கிள். என் அடையாளக் கார்டு. சரோஜாவின் கல்யாணப் புடவை. எங்கள் அம்மாவின் ஒரே படம். மண்டபத்துப் பெஞ்சுகள், நாங்களே எரித்தவை.

போனவர்கள். செல்வி, ஐந்து வயது. மாரிமுத்து, கோயில் சமையல்காரர், தன் முறை வரும்போது பாட்டில் வேண்டாம் என்றவர். பாப்பாத்தியம்மாள், பெரியசாமியின் மனைவி. அவரைக் காப்பாற்றினோம், அவர் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. சரோஜா, என் தங்கை.

ரப்பர் பூட்ஸ் ஆட்களோடு வந்த அதிகாரி நாலு என்றார். முனியாண்டி குறுக்கே போய் நின்றான்.

“அஞ்சு சார்.”

பிறக்காததை எண்ணுவதில்லை என்று அவர் சொன்னார். நல்லபடியாகத்தான் சொன்னார். அதுதான் விதி என்றார்.

“அஞ்சு சார். பொங்கலன்னிக்கி ஒதைச்சுச்சு. நான் கை வச்சுப் பாத்தேன்.”

அவர் தலை குனிந்துகொண்டார். நாலு என்றே போனது.

ஐந்து பேர்.